தள்ளாடின வண்டி

அன்னக்கிளி: போதுமாண்ணே? இன்னும் திருப்பணுமா?

ஆதிமூலம்: இன்னொரு தரம்... எடது பக்கம். ம்... நிறுத்து. பால் ஜாயிண்ட் நல்லாத்தான் இருக்கு.

அன்னக்கிளி: ஸ்டீரிங் பாக்ஸ்?

ஆதிமூலம்: அதுவும் டைட்டுதான். எறங்கி வாம்மா. டயர்ல காத்து கொறைச்சலா இருக்கும்...

அன்னக்கிளி: நேத்துதான் காத்து புடிச்சிது. ஒரு மணி நேரமா லாரிக்கு அடியில கெடந்துட்டு காத்துங்கிற. நீயெல்லாம் மெக்கானிக்கா?

ஆதிமூலம்: ஒந்தம்பி என்னாதான் சொல்றான்?

அன்னக்கிளி: நேராப் புடிச்சாலும் ரோட்ல அலையுதாம். திருப்புனா, தானா நேருக்கு வர மாட்டேங்குதாம். காலாப்பட்டுலேர்ந்து வர்றதுக்குள்ள கை ரெண்டும் உட்டுப் போச்சாம்.

ஆதிமூலம்: நெடுமாறன் போன வாரந்தான வண்டி எடுத்தான்? பழகிடும்...

அன்னக்கிளி: எங்க வூட்டுக்காரரு பதினெட்டு வருசமா ஓட்டுனாரே, அவருக்குமா பழகல? மணல்ல எறக்கி மீன் ஏத்தணும்னு முன்னால ஸ்பிரிங்ல ரெண்டு பட்டை சேத்து ஒசத்திக் குடுத்த. அதுலேர்ந்துதான் இழுக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு.

ஆதிமூலம்: அந்த ஸ்பேனர எடும்மா. வீல் நட்டு லூசான்னு பாக்குறேன்.

அன்னக்கிளி: என்னாண்ணே? அந்தப் பட்டைப் பக்கம் மட்டும் டார்ச் அடிக்கவே மாட்டேங்கிற?

ஆதிமூலம்: அன்னம்... அச்சுக்கும் பட்டைக்கும் நடுவுல ஆப்பு மாதிரி ஒரு தகடு வப்போம். தடிப்பு பின்னால வரணும்.

அன்னக்கிளி: நீ?

ஆதிமூலம்: முன்னால வச்சிட்டேன். அதான் வண்டி அலையுது.

அன்னக்கிளி: இப்பத்தான் பாத்தியா?

ஆதிமூலம்: ஆடித் தேரு அன்னிக்கு, வீராம்பட்டினத்துல ஒன் வூட்டுக்காரன் அருள்முருகன் ஓட்டுன வண்டி பந்தக்கால்ல மோதி நின்னுச்சே... இழுத்துட்டு வர வந்தேன்ல? அன்னிக்கே பாத்துட்டேன்.

அன்னக்கிளி: பாத்துட்டு...

ஆதிமூலம்: ஊரே "குடிச்சிட்டு ஓட்டிட்டான்"னு கத்துச்சி. நானும் வாய மூடிக்கிட்டேன். கமுக்கமா மாத்திடலாம்னா, நீங்க வண்டியவே எட்டு மாசம் நிறுத்திட்டீங்க. வெக்கமா இருக்குதும்மா. அருள்முருகன் எதுக்க வந்தா சந்துல பூந்துடறேன். செருப்பால அடி, வாங்கிக்கிறேன்.

அன்னக்கிளி: அம்மன் கோயில்ல குடிக்க மாட்டேன்னு கயிறு கட்டியிருந்தாருண்ணே. நாலு வருசம். அவ்ளோ பேரு முன்னாடி நாந்தான் அத அறுத்தேன்.

ஆதிமூலம்: ஐயோ...

அன்னக்கிளி: இப்ப நெசமாவே குடிக்கிறாரு.

ஆதிமூலம்: வா, இப்பவே போவோம். அவங்கிட்டயே சொல்றேன். தப்பு என்னுதும்மா. ஊரு சொன்னத நம்பித்தான நீ அறுத்த? ஒம்மேல என்னா இருக்குது?

அன்னக்கிளி: நான் நம்பலண்ணே. அறுக்கறதுக்கு முன்னாடி அவரு வாய மோந்து பாத்தேன். கூழு வாசனதான் அடிச்சிது... குடிகாரனுக்குப் பரிஞ்சி பேசறா பாருன்னு சொல்லிடுவாங்களேன்னு, தெரிஞ்சேதான் அறுத்தேன்.