கயிறு கட்டின வீடு

...இது வீடோ தம்பி, இல்லாட்டி வள்ளமோ? நீங்களே சொல்லுங்கோ! எந்தப் பக்கம் திரும்பினாலும் கயிறு. கட்டிலடியிலை துவங்கி, இந்தச் சுவரோடை போய், வாசலாலை இறங்கி, குசினியைத் தொட்டு, பின்வளவுக் கக்கூசு மட்டும் ஒரே கயிறு! அங்கை ஒண்டு பிரிஞ்சு போகுதெல்லே, அது செல்லடிச்சால் ஒளிக்கிற பங்கருக்கு. வாறவை எல்லாம் கேக்கினம், என்ன சிசிலியாக்கா, காத்துக்குப் பறக்காமல் வீட்டைக் கட்டி வைச்சிருக்கிறியளோ எண்டு. சிரிப்பினம்தானே. நானெண்டாலும் சிரிப்பன்.

இருங்கோ, இருங்கோ. ஏன் நிக்கிறியள்? அந்த வாங்கிலை இருங்கோ. மகள் கிறேஸ் தந்த பாசலை அதிலை வையுங்கோ. அவளோடை ஒரே கந்தோரிலை வேலை எண்டனீங்கள், பேர்... ஓம், ஓம், நவரத்தினம். மன்னாரிலையிருந்து இந்த வெயிலுக்குள்ளை வந்திருக்கிறியள். தாராபுரத்தடியிலை பஸ்ஸாலை இறக்கிச் செக் பண்ணினவங்களோ? பண்ணுவாங்கள், பண்ணுவாங்கள். நான் எழும்பேல்லை எண்டு குறை நினையாதையுங்கோ தம்பி, இப்பதான் வசதியா இருந்தனான். தேத்தண்ணி போடலாம்... ஆனால் சீனி முடிஞ்சு போச்சு. அந்தப் பானையிலை தண்ணி கிடக்கு, நீங்களே வாத்துக் குடியுங்கோ. என்ர பிள்ளை மாதிரித்தானே.

காலிலை என்ன போர்வையோ? குளிருது. வெயில்தான், ஆரில்லையெண்டது? வயது போனால் உங்களுக்கும் குளிரும், அப்ப தெரியும்.

எங்கை விட்டனான்? ஆ, கயிறு. எல்லாம் இந்த மனிசன்ர வேலை. கொன்ஸ்ரன்ரைன்! பேரைப் பாத்தால் ராசா, வேலையைப் பாத்தால் விசர். போன வருசம் கிணத்தடியிலை சறுக்கி விழுந்தவர். ஒண்டும் உடையேல்லை, மாதா காப்பாத்தினவ. ஆனால் கிறேஸ் வந்து ஒரு பாட்டம் அழுது, பிறகு ரண்டு கையையும் இடுப்பிலை வைச்சுக்கொண்டு சொன்னாள்... "அம்மா, இனி உங்கள் ரண்டு பேரிலை ஆராவது ஒருக்கா விழுந்தியள் எண்டு கேள்விப்பட்டனெண்டால், வான் பிடிச்சு வந்து ஏத்திக்கொண்டு போடுவன். வீட்டைப் பூட்டிப்போட்டுத்தான் மற்றக் கதை!" செய்வாள் தம்பி. தேப்பனைப் போலை, சொன்னால் சொன்னதுதான்.

அவள் சொல்லுறதிலை பிழையில்லை. பொழுதுபட்டாப் பிறகு காலைக் கையை முறிச்சால் ஆமிக்காரன் றோட்டிலை விடுவானோ? விடியும் மட்டும் முனகிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அதுதான் நான் சொன்னன், ஒரு தச்சனைக் கூப்பிட்டு ஒழுங்கா நாலு கைபிடி போடுவிப்பம் எண்டு. அதுக்கு மனிசன் கேக்கிறார், "சோளகக் காத்துக்கை வள்ளத்திலை விழாமல் நிண்ட எனக்கு, வீட்டுக்கை விழாமல் நிக்கத் தச்சன் சொல்லித் தரவோ?" கேட்ட ஆள் ஆர்? கிணத்தடியிலை விழுந்த ஆள்!

கடலுக்கும் விடுறாங்களில்லை. பாஸ் எண்டுறான், நாளைக்கு எண்டுறான், பேந்து கரைக்கே வராதை எண்டுறான். வள்ளம் கவிண்டு கிடக்கு. அப்ப மனிசன் என்ன செய்தார்? வள்ளத்திலை கிடந்ததெல்லாத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்திட்டார்! கக்கூசுச் சுவரிலை துடுப்பை அறைஞ்சிருக்கிறார், பிடிச்சு எழும்பவாம். குளிக்கிற இடத்திலை வழுக்காமல் பழைய வலையை மடிச்சு விரிச்சிருக்கிறார், அதுக்கை காய்ஞ்ச மீன் செதிள் இன்னும் கிடக்கு. குளிச்சுப்போட்டு வந்தால் குளிக்க முந்தினதைவிட மோசமா மணக்கும். படியின்ர விளிம்பெல்லாம் சுண்ணாம்பு. அதையெண்டால் சும்மா சொல்லக்கூடாது, மண்ணெண்ணெய் இல்லாத நாளிலை நல்லாத் தெரியுது.

ஆனால் நிலைப்படி? கால் தடக்கும் எண்டு முன்வாசல் நிலைப்படியை அரிஞ்சு எடுத்துப்போட்டார் தம்பி! சரி, கால் தடக்கேல்லை. மற்ற எல்லாம் உள்ளை வருது. மண் வருது, கோழி வருது. அண்டைக்கு மத்தியானம் ஆரோ செபம் சொல்லுற மாதிரிப் பெருமூச்சுச் சத்தம். எட்டிப் பாத்தால், மாதா படத்துக்கு முன்னாலை ஒரு கழுதை! எவ்வளவு பத்தியா நிக்குது எண்டுறியள்! அதைக் கலைக்கப் போன மனிசன், "விடும், பாவம், அதுகும் ஆமிக்குப் பயந்து வந்திருக்கும்" எண்டு போட்டுத் தவிடு வைக்கிறார். இப்ப அது ஒவ்வொரு நாளும் வருது.

இதுக்கே இப்பிடிச் சிரிக்கிறியள், கதிரைக் கதையைக் கேளுங்கோ. குந்தி எழும்ப ஏலாதாம், கக்கூசுக்கு ஒரு கதிரை வேணுமாம். கைபிடியுள்ள கதிரை இந்த வீட்டிலை ஒண்டே ஒண்டுதான். கோயில் பங்குச் சுவாமி வந்தால் இருக்கிறதுக்கெண்டு என்ர அம்மா சீதனமாத் தந்தது. நாங்கள் ஒருத்தரும் அதிலை இருக்கிறேல்லை, தூசு தட்டுறதோடை சரி. நான் பூசைக்குப் போட்டு வாறன், அதின்ர நடுவிலை வட்டமா ஒரு ஓட்டை! வெட்டிப்போட்டு நிண்டு பாக்கிறார், வடிவா வந்திருக்காம்! நான் கத்தின கத்திலை கோழியெல்லாம் வேலி பாஞ்சுது. அடுத்த கிழமை சுவாமி வருத்தக்காரருக்கு நற்கருணை குடுக்க வந்தவர். வேறை கதிரை? தலகணியை வைச்சு, மேலை பின்னல் சீலை விரிச்சு, "இருங்கோ சுவாமி" எண்டனான். இருந்தார். இருந்தவர்... கீழை போறார் தம்பி! மெதுமெதுவாப் போறார்! ஆனால் சுவாமி செபத்தை நிப்பாட்டேல்லை, முழங்கால் ரண்டும் நாடியைத் தொடுது, ஆமென் வரைக்கும் சொல்லி முடிச்சவர். நல்ல சுவாமி.

ஆர் வருத்தக்காரரோ? அது... அவர்தான். வேறை ஆர்? ஓம், அவர் இப்ப எங்கையோ? கடக்கரைக்குப் போட்டார். நல்லா நடப்பார், நல்லா. வருத்தம் எண்டால் அப்பிடிப் பெரிய வருத்தமில்லை, சும்மா ஒரு தடிமன். நீங்கள் தண்ணி குடியுங்கோ.

கயிற்றை ஏன் தொட்டுப் பாக்கிறியள்? பதிவாத்தான் கிடக்கு. என்ர இடுப்புக்குச் சரியாக் கட்டியிருக்கிறார். அவர் பனை மாதிரி ஆள், அவர் பிடிக்கிறதெண்டால் கூனவேணும். நான் அதைக் கேட்டனான், உங்களுக்கெண்டு சொல்லிப்போட்டு ஏன் என்ர உயரத்துக்குக் கட்டுறியள் எண்டு. "எனக்கு விழுந்து பழக்கம், உமக்குப் பழக்கமில்லை" எண்டார். பாருங்கோ, இப்பிடி ஒரு வாத்தை சொன்னால் அந்த மனிசனோடை எப்பிடிச் சண்டை பிடிக்கிறது? பங்கருக்கும் அப்பிடித்தான். பனங்குத்தியிலை படி, ரண்டு பக்கமும் கயிறு, உள்ளுக்கை எனக்கொரு முக்காலி. செல் அடிச்சால் "நீர் முதல் இறங்கும்" எண்டுவார். நான் "இல்லை, நீங்கள் இறங்குங்கோ" எண்டுவன். ரண்டு பேரும் வாசலிலை மரியாதை பேசிக்கொண்டு நிப்பம், அங்காலை அவங்கள் அடிச்சு முடிச்சிடுவாங்கள்.

எனக்கு வெக்கம் தம்பி, அதுதான் உண்மை. இந்த ஒழுங்கையிலை என்னைப்போலை வீடு வைச்சிருந்தவள் இல்லை. மாதா பெருநாளுக்குச் சுருவம் எங்கட படலையாலை வாறது. எல்லாரும் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு நிப்பினம், வந்த சனம் உள்ளை வந்து பலகாரம் சாப்பிட்டுப் போகும். அண்டைக்குப் பாத்து நடுவீட்டிலை கயிறு தொங்கினால்? கட்டிலாலை எழும்பப் பிடிக்கிறதுக்கெண்டு கூரை வளையிலையிருந்து ஒண்டு தொங்கவிட்டிருந்தவர், பாத்தால் ஆரோ சாகப் போறான் எண்டு நினைப்பினம்! அவர் கோயிலடியிலை பந்தல் போடப் போனாப்போலை, இதுதான் நேரம் எண்டு வாங்கிலை ஏறி... இப்ப நீங்கள் இருக்கிற வாங்குதான். ஓம், கொஞ்சம் ஆடும். ஏறி முடிச்சை அவிழ்த்தால் வருதே? கடல்காரன் போட்ட முடிச்சு! பல்லாலை இழுத்தன். வரேல்லை. ரண்டு கையாலையும் தொங்கி ஒரு இழுவை இழுத்தன்...

ஆர் இழுத்ததோ? அவர்... அவர் பந்தலடியிலை எண்டெல்லோ இப்பதான் சொன்னன். சரி. சரி, நான்தான்! நான்தான் விழுந்தனான், சுவாமி வந்ததும் எனக்குத்தான், போதுமே? வாங்கும் நானும் கயிறும் ஒண்டா வந்தனாங்கள். விழாமல் இருக்கக் கட்டினதை அவிழ்க்கப் போய் விழுந்தவள் இந்த மன்னார்த் தீவுக்கை நான் ஒருத்தியாத்தான் இருப்பன். வெளியிலை மாதா சுருவம் போகுது, நான் உள்ளுக்கை நிலத்திலை கிடந்து பாட்டுப் பாடுறன், சனத்துக்கு என்ர குளறல் கேக்கக்கூடாதெண்டு.

முறிவில்லை தம்பி, சவ்வுதான். பரியாரி பத்துப் போட்டவர். ஆசுப்பத்திரிக்குப் போனால் கிறேஸின்ர காதுக்குப் போகாமல் விடுமே? அவளின்ரை வீடு நல்ல வீடு, நான் குறை சொல்லேல்லை. மருமோனும் தங்கமான பிள்ளை. ஆனால் போன முறை போய் நிண்டனாங்கள், அவர் ஒவ்வொரு நாளும் விடிய எழும்பிக் கேற்றடியிலை நிண்டு காத்து எந்தப் பக்கம் அடிக்குதெண்டு பாக்கிறார். அங்கை காத்தைத் தெரிஞ்சு என்ன செய்யிறது? சாப்பாடு இறங்கேல்லை, என்னோடை சண்டை கூடப் பிடிக்கேல்லை. அங்கை கொண்டுபோய் வைச்சால் அந்த மனிசன் செத்துப்போம் தம்பி. எனக்கு அந்தப் பயம்தான். கால் போனால் போகட்டும்.

அதாலைதான் நீங்கள் வாறியள் எண்டு பஸ்ஸடிப் பெடியள் சொன்ன உடனை அவரைக் கடக்கரைக்குக் கலைச்சுப்போட்டு நான் இந்தக் கதிரையிலை ஏறி இருந்தனான். அவருக்குப் பொய் சொல்ல வராது, வாயைத் திறந்தால் கொட்டிப்போடுவார். எனக்கெண்டால் வாய் இருக்கு, சமாளிப்பன் எண்டு... நீங்கள் கிறேஸிட்டை இதொண்டும் சொல்லமாட்டியள்தானே? "அம்மா சுகமா இருக்கிறா, கதிரையிலை ராணி மாதிரி இருந்தவ" எண்டு மட்டும் சொல்லுங்கோ. அதிலை ஒரு சொல்லும் பொய்யில்லை. என்ன தம்பி? ஏன் எழும்புறியள்?

தம்பி?... பின்பக்கம் தண்ணிக்குப் போனவரோ? தம்பி!... ஐயோ மாதாவே, பஸ் வெளிக்கிடுற சத்தமெல்லோ கேக்குது!

இஞ்சேருங்கோ! இஞ்சேருங்கோ, வாங்கோ! கடக்கரைக்குப் போகச் சொன்னால் வேலிக்குப் பின்னாலை நிக்கிறது தெரியுது, தலை தெரியுது. வந்த ஆள் போட்டுது... நான் ஒண்டும் சொல்லேல்லை. அந்தப் பெடியன்தான் தோண்டித் தோண்டி... சரி, அவன் தோண்டேல்லை. நான்தான் சொன்னனான். எல்லாத்தையும்தான். ஏன் சிரிக்கிறியள்? நாளைக்கு முதல் பஸ்ஸிலை உங்கட மகள் வந்து நிப்பாள், உங்களுக்குச் சிரிப்பு!

கையைத் தாங்கோ. அவள் வாறதுக்கிடையிலை நான் இந்தப் படலை மட்டுமாவது நடந்து காட்டவேணும். பிடியுங்கோ... மெதுவா... ஆ, ஆ... ஒண்டுமில்லை, நடவுங்கோ. விடாதையுங்கோ என்ன... விடாதையுங்கோ எண்டெல்லோ சொன்னனான்!