பஸ்ஸில் கேட்ட தலைமுடிச் சண்டை

என் எழுத்து கோணல்மாணல், மறதியும் அதிகம்; பொறுத்துக்கொள்ளுங்கள். செங்கலடியில் ஏறிய ஒரு பெண்ணும் அவளுடைய சின்னம்மாவும் எனக்கு முன்னிருக்கையில் இருந்தார்கள்.

"என்ன கோலம்கா இது? மேல சுருள், கீழ ஈர்க்கில் மாதிரி நேர்! ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் வாறாங்க. திரும்ப மருந்து போட்டு நேராக்கு."

"மாட்டன். மருந்து போட்டுத் தலையெல்லாம் புண். மாசாமாசம் நேர் முடிய வெட்டிக்கொண்டு வாறன். என்ட சுருள் வளரட்டும்."

"படத்தில நேர் முடியப் பாத்துத்தான் அவங்க ஓமெண்டது."

"அவர் அனுப்பின அஞ்சு படத்திலயும் கிரிக்கெட் தொப்பி, சின்னம்மா. உள்ளுக்கு என்ன கிடக்கு?"

சின்னம்மா யன்னல் பக்கம் திரும்பினார். "முடி குறைவுதான். அவர் ஆம்பிளை."

"அப்ப ஞாயிறு அவர் தொப்பியக் கழட்டட்டும், நான் கொண்டையக் கழட்டுறன். ரெண்டு பேரும் பாப்பம்."

அவள் சொன்னது ஐந்து படமா, ஆறா? அந்த பஸ்ஸில் வந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.