துரைக்கு விமானத்தில் இடம்

— ஹலோ, எங்கடா இருக்க? உன் நாயை வந்து கூட்டிட்டுப் போ. என்னால ஆகாது.

— மெதுவாப் பேசுக்கா. நான் வெளிநாட்டுப் பட்டாளத்து முகாமுக்குள்ள இருக்கேன். துரை சாப்பிட்டாரா?

— துரையாம் துரை! ரொட்டியைப் போட்டா மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்குது. உன்னை மாதிரியே அவங்க டப்பா சோத்துல நாக்கு செத்துப் போச்சு போல. நீ பாட்டுக்கு நேத்து வாசல்ல தள்ளிட்டு ஓடிட்ட. இங்க உங்க மாமா ஒரே சண்டை. உள்ள விடாத, பின்னாடி கொண்டு போய்க் கட்டுன்னு.

— மாமாவா? தெருநாய்க்கெல்லாம் பிஸ்கட் போடற மனுஷனாச்சே!

— நானும் அதான் கேட்டேன். தும்மல் வருதாம். அதை விடு, உன் எஜமான் என்ன சொல்றான்?

— வழிக்கு வந்துட்டான்க்கா. சும்மா சொல்லல. இத்தனை வருஷமா வெயில்ல நிக்க வெச்சவன், இன்னிக்கு உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சிருக்கான். நாளைக்கு விழா நடக்கப்போற கூடம். ஏசி காத்து. புத்தம் புது பச்சை சோபா. அதுல சாஞ்சுகிட்டுத்தான் உன்கிட்ட பேசறேன்.

— அடேங்கப்பா! நாயைத் திருடினவனுக்கு இவ்வளவு மரியாதையா?

— திருடலக்கா, பிடிச்சு வெச்சிருக்கேன். போன வாரம் என்ன சொன்னான் தெரியுமா? அவங்க ஊருக்குத் திரும்பற விமானத்துல நாய்க்கு இடம் இருக்காம், நாயைப் பாத்துக்கறவனுக்கு இல்லையாம். அதுக்கு சார்ஜென்ட் பதவி. எனக்கு? சார்ஜென்ட்டோட பீயை அள்ளற பதவி. மத்த நாயெல்லாம் ஏறிப் போயாச்சு. துரை ஒருத்தர்தான் பாக்கி. வாசல்ல வர்ற வண்டியை மோந்து பாக்கக்கூட நேத்துலேருந்து நாய் இல்ல. ‘நாய் வேணும்னா எனக்கும் சீட்டு குடு’ன்னுட்டேன். சும்மா சொல்லல, அவன் மூஞ்சியை நீ பாத்திருக்கணும்.

— கேவலம்டா. நாய் வாலைப் பிடிச்சுகிட்டு நாட்டை விட்டுப் போறியே!

— இங்க இருந்து? அவங்க கிளம்பின மறுநாளே மூணு தளபதியும் என்னைத்தான் தேடுவானுங்க.

— அந்தத் தளபதிங்களைப் பெத்துப் போட்டது யாரு? என் வாயைக் கிளறாத. நம்மளை ஆட்டிப் படைச்ச கிழவனைப் பிடிக்கறேன்னு உன் எஜமான் பட்டாளத்தோட வந்தான். பிடிச்சான், யார் இல்லேன்னா? அதுக்குத் துணையா தெருப் பொறுக்கிங்க மூணு பேரைக் கூப்பிட்டு, சட்டையை மாட்டி, துப்பாக்கியைக் குடுத்து, தளபதின்னு பேரும் வெச்சான். அப்போ ஒருத்தனுக்குப் பயந்தோம். இப்போ பால் வாங்கப் போனா மூணு இடத்துல சலாம் போட வேண்டியிருக்கு. இதுக்குப் பேரு விடுதலையாம். கடைசியில ஒப்படைக்கற விழா வேற! எதைடா ஒப்படைக்கறான்?

— சாவிக்கொத்தைத்தான். எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி. போட்டோவுக்குப் பெரிசா தெரியணும்னு செஞ்சிருக்கான்.

— செய்வான். என் கொழுந்தனைச் சுட்டுட்டு கடியாரம் குடுத்தவன்தானே? அம்மாவுக்கு மாத்திரை வாங்கிட்டு வந்த பிள்ளை. கையை மடக்கிக் காட்டினா நில்லுன்னு அர்த்தமாம். எவன் கண்டான் அவங்க ஊரு சைகையை? இருந்திருந்தா இன்னிக்கு உன் வயசு. அப்புறம் ஒரு அதிகாரி வந்து, தொப்பியைக் கழட்டி, தப்பு நடந்துபோச்சுன்னு சொல்லி, கொடி போட்ட சுவர்க் கடியாரத்தை நீட்டினான். வயித்தெரிச்சல்.

— அதை ஏன் மாமா பட்டறையில மாட்டி வெச்சிருக்கார்? தூக்கிப் போட வேண்டியதுதானே?

— போட விடமாட்டார். அதைப் பாத்துக்கிட்டேதான் தினம் மெத்தை தைப்பார். ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. அந்த மனுஷன் அவங்க காசை இதுவரைக்கும் கையால தொட்டதில்ல. உன்னை மாதிரி இல்ல.

— சரிக்கா, திட்டி முடிச்சாச்சா? துரையை ஒரு ஆட்டோவுல போட்டு முகாம் வாசலுக்குக் கொண்டு வா. சீட்டைக் கண்ணுல காட்டிட்டான். நாய் வந்தா கையில குடுப்பான்.

— நானா? தலையெழுத்து. கூடப் பிறந்த பாவத்துக்கு வரேன். துரை, எந்திரி. வா. ஏய், எந்திரின்னு சொல்றேன்ல? ம்ஹும், அசைய மாட்டேங்குது.

— கட்டை அவுத்தியா?

— எப்பவோ அவுத்துட்டேன். மாமா வெளியில கிளம்பினதும், பாவமா இருக்கேன்னு உள்ள விட்டேன். நேரா பட்டறைக்குள்ள போச்சு. அவர் தைச்சு வெச்ச சோபா முன்னாடி உக்காந்தது உக்காந்ததுதான். கோவிச்சுக்கிட்ட சம்பந்தி மாதிரி. பட்டையைப் பிடிச்சு இழுத்தாக்கூட நகரல.

— உக்காந்திருக்கா? படுக்கலையே?

— விறைப்பா உக்காந்திருக்கு. வாலைக்கூட ஆட்டல. சோபாவையே முறைக்குது.

— அக்கா, அதை இழுக்காத. சோபாவைத் தொடாத. பிள்ளைங்க எங்க?

— பள்ளிக்கூடத்துல. ஏன்டா உன் குரல் ஒரு மாதிரி ஆகுது?

— துரைக்குத் தெரிஞ்சது ஒரே வேலைக்கா. வெடிமருந்து வாசனை வந்தா அந்த இடத்துல உக்காரும். குலைக்காது. அதை எடுக்கற வரைக்கும் எந்திரிக்காது.

— போடா! என் வீட்டுல வெடிமருந்தா? ஆணி அடிக்கறதுக்கு முன்னாடியே பக்கத்து வீட்டுல மன்னிப்புக் கேக்கற மனுஷன்டா அவர். உன் நாய்க்குப் பசி, அவ்வளவுதான்.

— அவங்க கிடங்கைத் தளபதிங்க கூறு போட்டு வித்ததுலேருந்து அந்த மருந்து சந்தையில சோப்பு மாதிரி கிடைக்குது. துரையைப் பழக்கினதும் அதே மருந்துலதான். நல்லாப் பாரு. பட்டறையில ஏதாவது மாறியிருக்கா?

— என்ன மாறும்? பஞ்சு இருக்கு. ஊசி, நூலு, தையல் மிஷினு. எல்லாம் இருக்கு. கடியாரம்...

— கடியாரம்?

— சுவத்துல ஆணி மட்டும்தான்டா இருக்கு. நேத்துதான் அதுக்குப் புது பேட்டரி வாங்கிட்டு வந்தார். மனசு ஆறிப்போச்சு போலன்னு நான் சந்தோஷப்பட்டேனே...

— வெளியில போக்கா! கதவை அப்படியே போட்டுட்டுத் தெருவுக்கு ஓடு!

— வந்துட்டேன், வாசலுக்கு வந்துட்டேன். ஐயோ, அந்த மனுஷனைக் கொன்னுடுவாங்களே!

— சோபா யாருக்குக்கா? யாருக்குத் தைச்சார்?

— திட்டாத. உன்னைப் பேசின வாயால எப்படிச் சொல்றதுன்னு மறைச்சுட்டேன். அவங்களுக்குத்தான். விழாவுக்கு. மாமாவே வலியப் போய்க் கேட்டு வாங்கின வேலை. சாயங்காலம் அவங்க வண்டி வந்து ஏத்திக்கும்.

— அப்பாடா. இன்னும் ஏத்தலையே. ஏத்தினாலும் இந்த வாசலைத் தாண்டாதுக்கா, வண்டியை நிறுத்தி மோந்து பாத்துட்டுத்தான்...

— எதுடா மோந்து பாக்கும்? அது என் பட்டறையில உக்காந்திருக்கு.

— அக்கா...

— தம்பி, இது ஜோடி சோபாடா. ரெண்டும் பச்சை. ஒண்ணை விடியறப்பவே கொண்டு போய் உள்ள போட்டாச்சு. எந்திரிடா!