வளைவில் அடங்கும் வண்டி

– ‘நம்ம ஜன்னல்கிட்ட வந்ததும் அந்தச் சாயங்கால வண்டி மட்டும் ஏன் மூச்சப் பிடிச்சுக்குது?’ இப்படித்தாம்மா உங்க பொண்ணு கேட்டிருக்கா, ஸ்டேஷன்ல டிக்கெட் குடுக்குற ஆள்கிட்ட. அவன் ஆபீஸ்ல வந்து சொன்னான்.

– ஏழு வயசுப் பிள்ளை கேட்டதுக்காக மேம்பால ரயில் கம்பெனி ஒரு இன்ஸ்பெக்டரையே அனுப்பியிருக்கா? சத்தத்தக் குறைங்கன்னு தெருவே சேர்ந்து கேட்டப்ப ஒரு நாய்கூட எட்டிப் பாக்கல.

– கோபப்படாதீங்க, திருமதி ஷ்ராம். என் பேரு ஹோல்கோம். சொல்லப்போனா, எனக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அந்த வண்டிய ஓட்டுறவன் பேரு கார்மடி. உங்க வீட்டு வளைவுல அவன் நீராவிய அடைச்சிட்டு வண்டியச் சும்மா உருள விடுறானா, இல்லையா?

– உருள விட்டா என்ன, குடியா முழுகிடும்?

– அவன் குடி முழுகும். அங்க மேடு, அடைச்சா வண்டி தாமதமாகும். அதுகூடப் பெரிசில்ல. உங்கள மாதிரி வீட்டுக்காரங்க சத்தத்துக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டிருக்கீங்க. சத்தமில்லாம ஓட்டவே முடியாதுன்னு கம்பெனி கோர்ட்டுல சொல்லிக்கிட்டிருக்கு. ஒருத்தன் ஓட்டிக் காட்டினா நீதிபதி என்ன கேப்பாரு? நீங்க ‘ஆமா’ன்னா கார்மடிக்கு இன்னியோட வேலை போச்சு.

– இத வழக்குப் போட்டவகிட்டயே சொல்றீங்களே, நல்ல புத்திசாலிதான்.

– சொன்னா என்ன? வேலை போனவன் உங்க பக்கம் சாட்சிக்கு வந்தா, குடிகாரன்னு சொல்லிட்டுப் போறோம்.

– சொல்லுவீங்க. உங்க கம்பெனி கதை எனக்குத் தெரியாதா? கீழ என் புருஷன் ரொட்டிக்கடை வெச்சிருந்தாரு. தெருவுல பாதி வீட்டுக்காரங்க சம்மதிச்சாத்தான் ரயில் பாலத்துக்குத் தூண் நடலாம்னு சட்டம். பட்டுத்தொப்பி போட்ட ஒருத்தன் வந்தான். ஓசியில ரொட்டியத் தின்னுட்டு, ‘தூணெல்லாம் பூவேலை ஷ்ராம், தெருவே தேவாலயம் மாதிரி ஆயிடும்’னான். மனுஷன் நம்பிக் கையெழுத்துப் போட்டாரு. தேவாலயம் மாதிரிதான் ஆச்சு. நட்டநடுப் பகல்ல விளக்கேத்த வேண்டியிருக்கு.

– அது பழைய கம்பெனி. நாங்க அத விலைக்கு வாங்கினவங்க.

– ஆமாமா, பேர மாத்தினீங்க, தொப்பிய மாத்தல. தெருமுனைப் பால்காரன் பால்ல தண்ணி கலப்பான், மாட்டிக்கிட்டா வெக்கப்படுவான். உங்க முதலாளிங்க கம்பெனிப் பங்குல தண்ணி கலந்து, இல்லாத சொத்துக்குப் பங்கு வித்துட்டு, அதுக்கு விருந்தும் வெச்சாங்க. எங்க மாவுல கரி விழுந்து கடையே மூடியாச்சு. தெருவுல நடந்தா தலையில எண்ணெய் சொட்டுது. வண்டியில போறவன், என் மேசையில இன்னிக்குச் சாசேஜா முட்டைக்கோஸான்னு பாத்துட்டுப் போறான்.

– அஞ்சு சென்ட்டுல நியூயார்க்கையே கடக்க வெக்கிறோம். நன்றி கெட்ட ஜனம். சரி, சொல்லப்போனா, கார்மடிய விட்டுட்டு எங்கயோ போயிட்டீங்க. அடக்கி ஓட்டுறானா?

– அவனா? அவன மாதிரி ஒரு முரடன் இந்தத் தடத்துலயே கிடையாது. வளைவுக்கு வந்தா வேணும்னே இன்னும் கொஞ்சம் நீராவி விடுறான். அலமாரியில தட்டெல்லாம் ஆடுது. காயப்போட்ட துணி கரிப்பிடிச்ச துணியா வருது. அவன் அடக்கி ஓட்டுறான்னு எவனாவது சொன்னா, அவனுக்குக் காது செவிடு.

– அப்ப உங்க பொண்ணு கேட்டது?

– நிலாவுக்கு ஏன் கால் இல்லன்னும் கேப்பா. அதுக்கும் ஒரு இன்ஸ்பெக்டர அனுப்புங்க.

– நாளைக்கு உங்க வழக்குலயும் இதயேதான் சொல்லணும். மாத்திப் பேசினா மொத்த வழக்கும் பொய்யாயிடும். கார்மடிய வெச்சு எங்கள மடக்க முடியாது.

– எனக்கு ஒரு நாக்குதான். ரெண்டு வேணும்னா உங்க ஆபீஸ்லதான் கிடைக்கும்.

– நல்லது. ஆனா கம்பெனி வாய் வார்த்தைய நம்பாது. இன்னிக்குச் சாயங்காலம் கார்மடி வண்டி வர்றப்ப நானே கீழ நின்னு கேக்கப் போறேன். சத்தம் அடங்கினா, அவன் பொழப்பும் அடங்கிடும்.

– தாராளமா நில்லுங்க. தொப்பிய இறுக்கிக்கோங்க, எண்ணெய் சொட்டும். படி இருட்டா இருக்கும், பாத்து இறங்குங்க. அதுவும் நீங்க குடுத்த இருட்டுதான்.

– அம்மா, அவர் போயிட்டாரா?

– போயிட்டான். வெளிய வா, ஹெட்டி.

– அந்த வண்டி சத்தமில்லாமத்தானே போகுது? ஏம்மா பொய் சொன்னீங்க?

– அதுக்கு ஆண்டவர்கிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன். குளிர்காலத்துல தம்பி எமில் தொண்டை அடைச்சுக் கெடந்தானே, ஞாபகமிருக்கா? வண்டி போற ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போட்டு அழுவான். ஒருநாள் இஞ்சின்ல இருந்த மனுஷர் ஜன்னல் வழியா தொட்டில்ல அவனப் பாத்துட்டாரு. அன்னிலேருந்து நீராவிய அடைச்சிட்டுத்தான் போறாரு. நான் கேக்கல. பேரே இன்னிக்குத்தான் தெரியும். எமில் கடைசியா அசந்து தூங்கினது அவர் குடுத்த அந்தக் கொஞ்ச நேரத்துலதான்.

– தம்பிதான் இப்ப இல்லியே. அவருக்குத் தெரியாதா?

– தொட்டில் இன்னும் ஜன்னல்கிட்டயே இருக்கு, எப்படித் தெரியும்? நான்தான் நகர்த்தல. வண்டி அப்படி அடங்கிப் போறப்ப, புள்ள உள்ள தூங்குறான்னே ஒரு நிமிஷம் தோணும். சரி, நீ போய் ரொட்டி வாங்கிட்டு வா. அவசரமில்ல, மெதுவா வா.

– சரிம்மா.

– எமில், கண்ணு, வாடா, தொட்டிலோட உள்ள போயிடலாம். வண்டி வர்ற நேரமாச்சு. அந்த மனுஷர் இன்னிக்கு நல்லா சத்தம் போட்டுக்கிட்டுப் போகட்டும்.