டன்லாரி கழகத்தை வழியனுப்பும் வேளையில்

எங்கள் வியர்வை வாடைக்கு ஒருநாளும் முகம் சுளிக்காமல் தன் கடைக்குள் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்த, இக்கூட்டத்தின் தலைவர் கௌஸ் முகம்மது காக்கா அவர்களே! அறுபதை நெருங்கும் வயதில் எனக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுத்த, காக்காவின் துணைவியார் ஷம்சியா தங்கச்சி அவர்களே! வெள்ளிக்கிழமை ஓய்வையும் விட்டுக்கொடுத்து வந்திருக்கும் பெரியவர்களே! தூங்கும் பிள்ளைகளைத் தோளில் சாய்த்தபடி நின்றுகொண்டிருக்கும் தாய்மார்களே! பக்கத்து கேம்ப்பிலிருந்து வந்து எத்தனையோ முறை எங்களைத் தோற்கடித்த மலையாளச் சகோதரர்களே! முன்வரிசையில் கருஞ்சிவப்புக் கம்பளிச் சட்டை போட்டு, மின்விசிறிக்கு நேர் கீழேயும் வியர்த்து வழியும் என் டன்லாரி ஆட்டக்காரர்களே! உங்கள் அனைவருக்கும் என் தாழ்மையான வணக்கம்.

நான் கார்மேகம். குவைத்தில் நம் தொழிலாளர் கேம்ப்பில் சமையல்காரன். இந்தத் தாளில் இருக்கும் எழுத்தெல்லாம் என் கையெழுத்து. ஷம்சியா தங்கச்சி ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு இட்லி அளவு இருக்கிறது. ஆகவே தாளும் அதிகம், நேரமும் அதிகம். தலைவர் பொறுக்க வேண்டும்.

நாளை மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, கம்பெனி பஸ் வருகிறது. வேலை முடிந்துவிட்டது. சிலர் கத்தாரின் ராஸ் லஃபானுக்கு, சிலர் ரியாத்துக்கு, பாதிக்கு மேல் ஊருக்கு. கேம்ப்பை இடிக்கப் போகிறார்கள். நாங்கள் பந்து ஆடிய மண்ணில் இப்போதே குழாய்களை அடுக்கிவிட்டார்கள். டன்லாரி கால்பந்துக் கழகம் அன்றோடு முடிந்தது. முடிவதைத் தடுக்க நான் வரவில்லை. அது யாரால் முடியும்? ஆனால் அது எப்படி முடிய வேண்டும் என்று உங்களிடம் ஒன்று கேட்க வந்திருக்கிறேன். கேட்பதற்கு முன் அதன் கதையைச் சொல்கிறேன். ஏனென்றால், பெரியோர்களே, இந்தக் கழகம் சாவது இது இரண்டாவது முறை.

ஸ்காட்லாந்து என்று ஒரு நாடு. அங்கே டன்லாரி என்று ஒரு சிற்றூர். மலைச்சரிவில் ஊர். மலைக்கு அடியில் நிலக்கரி. நிலக்கரிக்கு உள்ளே மனிதர்கள். வாரம் முழுவதும் குனிந்து வெட்டியவர்கள், சனிக்கிழமை ஒருநாள் நிமிர்ந்து ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அந்த ஆசையில் பிறந்த கழகம் அது. வெட்டிக் களைத்தவன் ஏன் ஓட ஆசைப்படுகிறான் என்று குளிர்ந்த அறையில் வேலை பார்ப்பவர் கேட்கலாம். பத்து மணி நேரம் சாரத்தில் தொங்கிவிட்டு வெள்ளிக்கிழமை வெயிலில் பந்துக்குப் பின்னால் ஓடிய எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வியே வராது!

அந்த ஊரில் சமதளம் கிடையாது. ஒரு கோல் கம்பம் மேட்டில், மற்றது பள்ளத்தில். பெரிய நகரத்திலிருந்து ஒரு பெரிய டீம் பனிக்காலத்தில் ஆட வந்ததாம். முதல் பாதியில் டன்லாரிக்காரர்கள் மூச்சு வாங்க மேட்டை நோக்கி உதைத்தார்கள். இரண்டாம் பாதியில்? பந்தைத் தொட்டால் போதும், அதுவே உருண்டது! வந்த டீமின் கேப்டன், "இது மைதானமா, மாடிப்படியா?" என்று கேட்டிருக்கிறார். "தெரியலையே, நாங்க இதுலதான் பொறந்தோம்" என்று பதில் சொல்லிவிட்டு நாலு கோல் போட்டார்கள்.

ஆனால் டன்லாரியின் பெருமை அந்த நாலு கோலில் இல்லை. ரயில் நிலையம் மலை உச்சியில். ஆடிக் களைத்த விருந்தாளி எப்படி ஏறுவான்? முதல் ஆட்டம் முடிந்ததும் டன்லாரியின் கேப்டன், எதிர் டீம் ஆட்டக்காரரின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அன்றிலிருந்து அதுவே வழக்கம். ஜெயித்தாலும் பை தூக்குவார்கள், தோற்றாலும் பை தூக்குவார்கள். முகத்தில் குத்தியவனுடைய பையையும் தூக்குவார்கள். மழை, பனி, இருட்டு, எதுவும் அந்த வழக்கத்தை நிறுத்தவில்லை.

நிறுத்தியது எது தெரியுமா? ஒருநாள் சுரங்கத்தை மூடினார்கள். நிலக்கரி இல்லை, வேலை இல்லை, ஆள் இல்லை, ஆட்டம் இல்லை. கடைசி ஆட்டத்தில் தோற்றார்கள். தோற்ற பிறகும் எதிராளியின் பைகளைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினார்கள். ரயில் போய்விட்டது. பதினொரு பேரும் வெறுங்கையோடு கீழே இறங்கினார்கள். அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொருவராகப் பிழைப்புத் தேடி ஊரை விட்டுப் போனார்கள். ஊருக்கு வந்தவர்களின் பையையெல்லாம் தூக்கியவர்கள், தாய்மார்களே! அவர்கள் போகும்போது அவர்கள் பையைத் தூக்க ஊரில் ஆள் இல்லை.

அந்தப் பதினொருவரில் ஒருவர்தான் மெக்ரே சார். இந்தப் பிள்ளைகள் வேலை பார்த்த தளத்தின் தலைமைப் பொறியாளர்.

இவர்கள் கிழிந்த பனியனோடு ஆடுவதைப் பார்த்தார். அடுத்த விடுமுறைக்குப் போய் வரும்போது ஒரு பெட்டி கொண்டுவந்தார். அவருடைய அப்பாதான் கழகத்தின் சட்டைகளைப் பாதுகாத்தவராம். பெட்டியைத் திறந்தால் கருஞ்சிவப்புச் சட்டைகள். பனி பெய்யும் ஊருக்காக நெய்த கம்பளி! அதை இவர்கள் எங்கே போட்டார்கள்? குவைத்தின் ஃபஹாஹீலில்! எப்போது? ஆகஸ்ட் மாதத்தில்!

சிரிக்காதீர்கள் தாய்மார்களே, அவர்கள் நினைத்ததைக் கேளுங்கள். ஹெல்மெட் போடாவிட்டால் டியூட்டி மாஃபி, பூட்ஸ் போடாவிட்டால் வேலை இல்லை என்று பழகியவர்கள். பொறியாளர் கையால் கொடுத்த சட்டை. இதுவும் பாதுகாப்பு உடை, போடாமல் ஆடினால் பேரை எழுதி வைத்துவிடுவார்கள் என்று நினைத்துவிட்டார்கள். கேப்டன் ரெங்கராஜ் மயங்கி விழப்போனான், சட்டையைக் கழற்றவில்லை. அதோ சிரிக்கிறாரே மலையாளச் சகோதரர், அவர்தான் அன்றைக்குக் கோட்டுக்கு வெளியே நின்று, "எந்தா சேட்டா, தணுக்குன்னுண்டோ?" என்று குளிர் விசாரித்தவர். மெக்ரே சாரோ, தன் ஊர்ச் சட்டை மேல் இவர்களுக்கு எவ்வளவு பாசம் என்று கண் கலங்கி நின்றார். அவரைப் பார்த்த பிறகு கழற்றும் தைரியம் யாருக்கு வரும்? அப்படியே பழகிவிட்டது. பை தூக்கும் வழக்கத்தையும் சொன்னார். அதையும் பழகிக்கொண்டோம். தோற்ற கையோடு மலையாள டீமின் பைகளை அவர்கள் கேம்ப் வாசல் வரை சுமந்தோமே, சகோதரர்களே, மறந்தீர்களா?

சுரங்கம் மூடிய கதை அப்போது தெரியாத ரெங்கராஜ், சட்டை கொடுத்த வாரத்தில் அந்த ஊர் டீமைப் பற்றி ஒரு கேள்வி கேட்டான். "சார், சனிக்கிழமை நம்ம டீம் மேட்ச் என்னாச்சு?"

கேம்ப் கேட்டருகே ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றவர் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு சொன்னார்: "ரெண்டு–ஒண்ணு. நாம ஜெயிச்சோம்."

அவ்வளவுதான்! அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் அந்தக் கேட்டில் கூட்டம். ஜெயித்த செய்தி வந்தால் நான் கேசரி கிளறுவேன். தோற்றால் வெறும் ரசம். ஒருமுறை மூன்று வாரம் தொடர்ந்து தோல்வி. சாரம் கட்டும் சுஐபு அவரிடமே போய், "சார், உங்க கோல்கீப்பர மாத்துங்க சார். கேசரியைக் கண்ணால பாத்து மாசமாச்சு" என்றான். அடுத்த வாரமே ஐந்து–பூஜ்யம்! அதற்குப் பிறகு டன்லாரி தோற்றதே அபூர்வம்.

ஆம், கடைசி வரிசைத் தம்பி, நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான்.

கழகத்துக்கு ஒரு பேனர் அடிக்கலாம், டன்லாரி ஆட்டக்காரர்களின் படம் வேண்டும் என்று சுஐபு இன்டர்நெட் கடைக்குப் போனான். படம் கிடைக்கவில்லை. கழகம் கலைக்கப்பட்ட ஆண்டு கிடைத்தது. 1967. நம் பிள்ளைகளில் ஒருவர்கூட அன்றைக்குப் பிறக்கவில்லை! மைதானம் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள் என்று போட்டிருந்தது. அவன் மெஸ்ஸுக்கு வந்து சொன்னபோது என் கையில் கரண்டி நின்றது. அன்றும் நாங்கள் ஜெயித்திருந்தோம். அடுப்பில் கேசரி.

ரெங்கராஜ் என் பக்கம் திரும்பினான். "ஏண்ணே, இத்தனை நாளும் நாங்க தின்னது கருமாதிச் சோறா?"

கேசரியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தேன். ஒருவர் கண்ணை மூடினால் அவர் உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டுத் தலை முழுகி வருகிறவர்கள் நாங்கள். அப்படிப்பட்டவர்கள் செத்துப்போன ஒரு கழகத்தின் சட்டையை மார்பில் போட்டுக்கொண்டு, அது உயிரோடு இருப்பதாகக் கொண்டாடியிருக்கிறோம். அத்தனை பேரும் சட்டையைக் கழற்றி ஒரு மூட்டையாகக் கட்டினார்கள். மறுநாள் ரெங்கராஜ் அந்த மூட்டையைக் கொண்டுபோய் மெக்ரே சார் முன்னால் வைத்தான். நானும் கூடப் போனேன்.

"செத்துப்போன டீமோட சட்டையையா சார் எங்களுக்குப் போட்டு விட்டீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவருக்குத் தெரிந்த இந்தியும் எங்களுக்குத் தெரிந்த இங்கிலீஷும் கலந்து அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். "செத்துப் போச்சுன்னு சொல்லத்தான் வாயத் திறந்தேன், ரெங்கராஜ். நீ 'நம்ம டீம்'னு கேட்ட. எங்க ஊர்ல அத யாரும் என்கிட்ட கேட்டு முப்பத்தஞ்சு வருஷமாச்சு. 'நம்ம'ன்னு ஒருத்தன் கேக்கும்போது, செத்துப் போச்சுன்னு எப்படிச் சொல்றது?"

ரெங்கராஜ் குனிந்தான். மூட்டையை அவிழ்த்தான். மேலே இருந்த சட்டையை உதறிப் போட்டுக்கொண்டான். "சரி சார். இந்த வாரம் என்ன ஸ்கோர், அதச் சொல்லுங்க" என்றான்.

பெரியோர்களே! அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் ஸ்கோர் வந்தது. சொன்னவருக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும். இருந்தும் கேட்டோம். இருந்தும் கேசரி கிளறினேன். உலகத்தில் வேறெங்கும் உயிர் இல்லாத ஒரு கழகம், ஃபஹாஹீலுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் உயிரோடு இருந்தது!

இருந்தது. இனி இல்லை.

போன மாதம் மெக்ரே சாரின் வேலை முடிந்தது. அவர் கிளம்பிய காலை எங்கள் அத்தனை பேருக்கும் டியூட்டி. வழியனுப்ப ஒரு மணி நேரம் அனுமதி கேட்டான் ரெங்கராஜ். ஃபோர்மேன் கொடுக்கவில்லை. சாரத்தின் உச்சியில் நின்றபடி சுஐபு பார்த்திருக்கிறான். இரண்டு பைகளையும் அவரே இழுத்துக்கொண்டு போய் வண்டியில் வைத்தார். எதிராளியின் பையைத் தூக்கி மலை ஏறிய மனிதர். தன் பையைத் தானே இழுத்துக்கொண்டு போனார்! அண்ணாந்துகூடப் பார்க்கவில்லையாம். இதைச் சொன்னபோது சுஐபு சோற்றைத் தொடவில்லை.

அடுத்த ஞாயிறு நாங்கள் பழக்கத்தில் கேட்டருகே போய் நின்றோம். ஸ்கோர் சொல்ல யார் இருக்கிறார்கள்? யாரும் யாரையும் பார்க்காமல் பிள்ளைகள் டியூட்டி பஸ் ஏறினார்கள்.

இந்தக் கழகம் எங்காவது தொடரும் என்று நான் உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். ராஸ் லஃபானில் ஒரு சட்டை, ரியாத்தில் இரண்டு சட்டை, பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பீரோவுக்குள் ஒரு சட்டை. சட்டைகள் சேர்ந்தால்தானே டீம்? பிரிந்தால் பழைய துணி. சுரங்கம் மூடினால் டன்லாரி இல்லை. வேலை முடிந்தால் கேம்ப் இல்லை. நம்மைப் போன்றவர்கள் ஓரிடத்தில் எதைக் கட்டினாலும் அதன் அடியில் மண் நம்முடையதாக இருப்பதில்லை. இதற்கு மருந்து என்னிடம் இல்லை. தலைவரிடமும் இல்லை.

ஆனால் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

டன்லாரி முதல் முறை செத்தபோது அதன் பையைத் தூக்க ஒருவரும் வரவில்லை. மெக்ரே சார் போனபோதும் ஒருவரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே கேட்டிலிருந்து, இந்தப் பிள்ளைகள் கருஞ்சிவப்புச் சட்டையோடு வெளியே வருவார்கள். பஸ் ரோட்டில் நிற்கும். தூரம் அதிகமில்லை. நீங்கள் வர வேண்டும். கடை திறக்கும் முன் கௌஸ் காக்கா வர வேண்டும். எங்களைத் தோற்கடித்த சகோதரர்களே, முக்கியமாக நீங்கள் வர வேண்டும். ஆளுக்கு ஒரு பை. அந்தக் கேட்டிலிருந்து அந்த பஸ் வரை நீங்கள் சுமக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் ஒருமுறையாவது வெறுங்கையோடு நடக்க வேண்டும்.

யாரது, எழுந்து நிற்பது? மலையாள டீம் கேப்டனா? பேச வேண்டாம் தம்பி, உட்காருங்கள். நீங்கள் எழுந்ததே போதும்.

பஸ் போய்விடும். நீங்கள் திரும்பி நடப்பீர்கள். அப்போது உங்கள் தோளில் எடை இருக்காது, கையில் எதுவும் இருக்காது. டன்லாரிக்காரர்கள் மலையிலிருந்து இறங்கினார்களே, அந்த வெறுங்கை அது. அதை நீங்கள் உணர்ந்தால் போதும். இங்கே ஒரு டீம் இருந்தது என்பதற்கு இனி வேறு சாட்சி இல்லை.

தாள் முடிந்துவிட்டது. எழுதியதை எல்லாம் தடுமாறாமல் படித்துவிட்டேன், ஷம்சியா தங்கச்சி! என் எழுத்துக்குக் காது கொடுத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலை கேட்டில் பார்ப்போம். சலாம். வணக்கம்.