இஸ்திரி போட்ட மனு

— பல்லை மாட்டுங்க அத்தை. வக்கீலம்மா எந்த நேரமும் கூப்பிடுவாங்க.

— ஈறு வலிக்குதும்மா. நீ செஞ்சு குடுத்த பல்லுதானே. செஞ்சவளே பக்கத்துல இருக்கறப்ப எனக்கென்ன வெக்கம்?

— அதைத்தான் ராவிக் குடுக்கறேன், எங்க பல் லேபுக்கு வாங்கன்னு சொன்னேன். நீங்க நேரா இங்க வந்து நிக்கறீங்க.

— லேபுக்குத்தான் போனேன். வக்கீல் ஆபீசுக்குப் போயிருக்காங்கன்னு அங்க இருந்த பொண்ணு சொல்லிச்சு. எதுக்குன்னும் சொல்லிச்சு.

— லேப் பூரா தெரிஞ்சு போச்சா...

— தெரிஞ்சா என்ன? மாமியார்காரி நான், என்கிட்ட சொல்லாம வந்திருக்கே.

— கொஞ்ச நாள்ல முன்னாள் மாமியார்.

— வாயப் பாரு. சரி, அது என்ன கையில ரெண்டு பைல்?

— எந்த வழியில போறதுன்னு இன்னைக்கு நான் சொல்லியாகணும். ஒண்ணு, ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போடற விவாகரத்து மனு. யாரும் யாரையும் குத்தம் சொல்ல வேண்டாம். நாங்க பிரிஞ்சுதான் பதினாலு மாசம் ஆச்சே, ஏழெட்டு மாசத்துல முடிஞ்சுடுமாம்.

— இன்னொண்ணு?

— நான் மட்டும் அவர் மேல போடற வழக்கு. அவர் பண்ணதை நான் நிரூபிக்கணும். அவர் இல்லைன்னுவார், நான் ஆமான்னுவேன்... மூணு வருஷம் ஆகும். அஞ்சும் ஆகலாம்.

— அம்மாடி. அப்ப முதல் வழிதானே நல்ல வழி?

— உங்க பிள்ளை கையெழுத்துப் போடணுமே. போன வாரம் மனுவைக் கொண்டுவந்து நீட்டினப்ப என்ன பண்ணார்னு நீங்களும்தானே பாத்தீங்க.

— கசக்கி எறிஞ்சான்.

— "கோர்ட்டுப் படி ஏறியே கிழவி ஆகு"ன்னார். அதான் ரெண்டாவது வழி. முடிவு பண்ணிட்டேன்.

— வழக்குன்னா சாட்சி வேணுமே. அன்னைக்கு சாயங்காலம் உன் துணிமணியை வாசல்ல வீசி, உன்னை வெளிய தள்ளிக் கதவைச் சாத்தினானே. அதை யாரு பாத்தா?

— யாரும் பாக்கல.

— யாருமேவா?

— பக்கத்து வீடு பூட்டியிருந்துச்சு அத்தை.

— நான் ஹால்லதானே இருந்தேன்.

— நீங்க... டிவி பாத்துக்கிட்டு இருந்தீங்க.

— ஜன்னல் வழியா உனக்குச் செருப்பு எடுத்துக் குடுத்தது யாரு, டிவியா?

— அத்தை...

— முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறியே. பொய் சொல்லத் தெரியாதவ எதுக்குச் சொல்றே?

— விடுங்க. அஞ்சு வருஷம்னா அஞ்சு வருஷம். எனக்கு இப்ப முப்பத்திநாலுதானே.

— முடியறப்ப முப்பத்தொம்போது. அதுக்கப்புறம் எப்ப நிம்மதியா இருக்கறது?... இந்தா, இந்தக் கவரைப் பிரி. லேப்ல வச்சுக் குடுக்கலாம்னுதான் எடுத்துட்டு வந்தேன்.

— என்னது இது... நான் குடுத்த மனு. கசக்கின தாள் எப்படி இவ்வளவு வழவழன்னு இருக்கு?

— குப்பைக் கூடையிலேர்ந்து எடுத்து இஸ்திரி போட்டேன்.

— மனுவுக்கா?

— சுருக்கம் விழுந்த தாளைக் கோர்ட்ல வாங்க மாட்டாங்கன்னு நெனச்சேன். ஓரத்துல லேசா கருகிப்போச்சு... செல்லாதோ?

— அய்யோ அத்தை, கேட்டிருந்தா வேற ஒண்ணு பிரிண்ட் எடுத்துத் தந்திருப்பேனே.

— அது எனக்கு எங்க தெரியும்? சரி, கடைசிப் பக்கத்தைத் திருப்பு.

— கையெழுத்து!

— அவனோடதுதான். தேதியும் போட்டிருக்கான், நல்லாப் பாரு.

— அத்தை...

— அழாதே. தாள் நனைஞ்சா மறுபடி இஸ்திரி போட என்னால ஆகாது.

— அழல, சிரிக்கிறேன்... ரெண்டும் சேர்ந்து வருது. பதினாலு மாசமா நெஞ்சுல கல்லு கட்டி வச்ச மாதிரி இருந்துச்சு. இப்பதான் மூச்சே நேரா வருது.

— எனக்கும்தான். நேத்து வரைக்கும் தூக்கமே இல்ல.

— நாளைக்கு மாத்திப் பேசிட்டார்னா?

— பேச மாட்டான். மத்தியானம் அவனே வக்கீலம்மாவை வந்து பாக்கறானாம்.

— அப்படி என்னதான் சொன்னீங்க அவர்கிட்ட?

— ஒரு வார்த்தை சொல்லல.

— சும்மா சொல்லாதீங்க.

— சத்தியமா, நான் வாயே திறக்கல.

— நானும் உங்ககிட்ட ஒண்ணை மறைச்சுட்டேன் அத்தை. உங்களைச் சாட்சியா கூட்டிட்டு வரச் சொல்லி வக்கீலம்மா மூணு தடவை சொல்லிட்டாங்க. நீங்க வந்து சொன்னா ஒரு வருஷத்துல முடிஞ்சுடுமாம். எனக்குத்தான் கேக்க வாய் வரல. தானாடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க... பெத்த பிள்ளைக்கு எதிரா உங்களைக் கூண்டுல ஏத்திட்டு, அப்புறம் அந்த வீட்ல நீங்க எப்படி இருப்பீங்க?

— அதை நானும் நாலு நாள் யோசிச்சேம்மா. அப்புறம் உக்காந்து, அன்னைக்கு என் கண்ணால பாத்தது அத்தனையும் ரெண்டு பக்கம் எழுதினேன். "இதை எந்தக் கோர்ட்லயும் வந்து சொல்லுவேன்"னு கீழ கையெழுத்தும் போட்டேன். இன்னைக்குக் காலையில அவன் சாப்பிட உக்காந்தப்ப, அதையும் உன் மனுவையும் பக்கத்துல பக்கத்துல வச்சேன். ரெண்டையும் படிச்சான்... என்கிட்ட பேனா கேட்டான்.