கொக்கு நிற்கும் கரை

காலை வெயிலில் கொக்கைப் படமெடுப்பது சரியான கரைச்சல், சேர். வெயில் ஏறிவிட்டால் சிறகெல்லாம் வெளுத்துப்போய், கொக்கு நின்ற இடத்தில் ஓட்டை விழுந்தது போலிருக்கும். சூரியன் கிளம்பிய கையோடு எடுத்துவிட வேண்டும். அந்த ஒளியில் வாவிக்கு அப்பால் நிற்கும் ஒல்லாந்தர் கோட்டைச் சுவர்கூட, அப்போதுதான் சுட்டெடுத்த பாண் மாதிரிப் பொன்னிறமாகும். அதைப் பார்த்தால் எனக்குத் தலைகால் புரியாது.

நீங்கள் கேட்டது அழகரத்தினம் எப்படிச் செத்தார் என்று. ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் படத்தைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

எனக்குத் தொழில் கல்யாண வீட்டுப் படம். மாப்பிள்ளையை நிமிரச் சொன்னால் குனிவார், பெண்ணைச் சிரிக்கச் சொன்னால் தாயின் முகத்தைப் பார்ப்பாள், நல்ல நேரம் பார்த்து ஒரு மாமா குறுக்கே வருவார். வேலை இல்லாத நாட்களில் கமராவோடு வாவிக்கரைக்கு ஓடிவிடுவேன். அங்கே தண்ணீருக்குள் வேர்விட்டு அடர்ந்து நிற்கும் கண்ணாப் பற்றைக்குப் பக்கத்தில் ஒரு சேற்றுத்திட்டு இருக்கிறது. அதில் கொக்கு, கொக்கின் காலடியில் முதலை, பின்னால் கோட்டை. மூன்றையும் ஒரே படத்தில் கண்டுவிட வேண்டும் என்று ஒரு நாள் தோன்றியது. தோன்றிய சந்தோசத்தில் அன்று சாப்பாடே இறங்கவில்லை.

கொக்கும் முதலையும் சும்மா சேர்ந்து நிற்காது. பழக்க வேண்டும். கொக்குகளுக்குச் சந்தையிலிருந்து மீன் கழிவு கொண்டுபோனேன். முதலைக்குக் கோழிக்குடல். கோழிக்கடை வைத்திருக்கும் என் கூட்டாளி ஷிஹான் பை பையாகச் சும்மா தந்தான்.

"என்ன மச்சான், நாய் வளக்கிறியா?"

"ஓம் மச்சான். கொஞ்சம் நீளமான நாய்."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவனுக்கு வேறொன்றும் தெரியாது, அவனைக் கூப்பிட்டு அலைக்கழிக்காதீர்கள்.

முதலில் முதலையின் தலை தெரிந்ததும் கொக்குகள் பறந்தன. பிறகு கொஞ்சம் தள்ளி நின்றன. சில மாதங்களில் அதன் முதுகோரமாகவே நின்று மீன் பொறுக்கின. அதை முதன்முதலாகக் கண்ட அன்று நான் சேற்றில் துள்ளிய துள்ளலில் ஒரு செருப்பு போனது போனதுதான். முதலைக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தேன். சொன்ன இடத்தில் நின்றது, மாமன்மாரைக் கூட்டி வரவில்லை. என் அனுபவத்தில் அதைவிட நல்ல மாப்பிள்ளையைக் கண்டதில்லை.

அழகரத்தினம் விடியற்காலையில் தோணியில் வந்து பற்றைக்கு அந்தப் பக்கம் இறங்குவார். இடுப்பளவு தண்ணீரில் நடந்து, பற்றையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து வலை வீசுவார். இறங்குமுன் கொக்கு இருக்கிறதா என்று பார்ப்பது அவருடைய வழக்கம். நான் பழகிய பிறகு பற்றைக்கு அப்பால் இருந்தபடியே என்னிடம் கேட்பார்.

"கொக்கு நிண்டா முதலை இல்ல தம்பி. அது நம்மளவிடப் பயந்த சாதி" என்று எனக்குச் சொல்லித் தந்ததும் அவர்தான்.

பிளாஸ்கில் கொண்டுவரும் தேத்தண்ணியில் எனக்கும் பாதி ஊற்றுவார். "ஆவணியில மகள்ற கலியாணம். அஜந்தாவுக்கு நீதான் படம் புடிக்கணும், மறுகா வேற வேலையெண்டு சொல்லப்படாது" என்றார். காசு வாங்காமல் எடுத்துத் தருவதாகச் சொன்னேன். அந்த வாக்கில் இன்றைக்கும் மாற்றமில்லை.

என் கரையில் கொக்கு நிற்பதற்கு இப்போது ஒரு அர்த்தமும் இல்லை என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஊரைக் கூட்டுவார். அதிகாரிகள் வந்து மாப்பிள்ளையைக் கட்டித் தூக்கிக்கொண்டு போவார்கள். அத்தனை மாத உழைப்பும் வீண். நீங்களே நியாயமாக யோசித்துப் பாருங்கள்.

படம் கிடைத்தது, சேர். கொக்கு, முதலை, கோட்டை, எல்லாம் நினைத்தபடியே விழுந்திருந்தன. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், ஏதோ குறைந்தது. மாப்பிள்ளை எவ்வளவு பெரியது என்று அதில் தெரியவில்லை. பல்லி என்றாலும் நம்புவார்கள். பெரிய கோபுரத்தை எடுத்தாலும் அடியில் ஒரு ஆளை நிறுத்தினால்தான் உயரம் விளங்கும். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விசயம். அளவுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

சில நாட்கள் மாப்பிள்ளைக்கு ஒன்றும் போடவில்லை. விருந்துக்கு முன் வயிறு காலியாக இருப்பது நல்லதுதானே. அன்று காலை கொக்குகளுக்கு மீனை வழக்கம்போல் திட்டில் போட்டேன். குடலை மட்டும், அழகரத்தினம் பற்றையைச் சுற்றி வெளியே வரும் இடத்தில் போட்டேன். வாவி அசையாமல் கிடந்தது. கோட்டை பொன்னிறமாகிக்கொண்டு வந்தது. தோணி வந்து நின்ற சத்தம் கேட்டது.

"தம்பி, கொக்கு நிக்கிதா?"

அப்போதே மாப்பிள்ளையின் மூக்கு என் கமராவில் தெரிந்துவிட்டது.

"நிக்கிது அண்ணன். நல்லா நிக்கிது."

அதில் பொய் இல்லை. அவர் கொக்கைப் பற்றி மட்டும்தான் கேட்டார்.

பற்றையைச் சுற்றி வந்தவர் திட்டைப் பார்த்தார். கொக்குகளைக் கண்டதும் தோள்கள் தளர்ந்தன. வலையை ஒரு சுழற்றுச் சுழற்றி வீசினார். அப்படி ஒரு விரிப்பை நான் கண்டதேயில்லை, வெயில் முழுதும் அந்த வலைக்குள் விழுந்தது போலிருந்தது. பிறகு தண்ணீர் புரண்டது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கரையில் கம்பு இருந்தது, கயிறு இருந்தது, என் கையில் கமரா இருந்தது. நான் விரலை எடுக்கவில்லை. ஒரு கொக்குகூட எழும்பவில்லை, அவ்வளவு அருமையாகப் பழக்கியிருந்தேன்.

கமரா உங்கள் மேசையில்தான் இருக்கிறது. கடைசிப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். அவருடைய ஒரு கை என் பக்கம் நீண்டிருக்கிறது, வாய் அகலத் திறந்திருக்கிறது, கண்ணில் வெயில் மின்னுகிறது. அதைச் சட்டம் போட்டு அஜந்தாவுக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுக்க வேண்டும், சேர். தகப்பன் இவ்வளவு சந்தோசமாகச் சிரிக்கிற படம் அவர்கள் வீட்டில் ஒன்றுகூட இருக்காது.